மஞ்சள் புள்ளி இல்லாத மதீனாக் கல்

என் ஆசை ராத்தா ஹாஜறாவுக்கு,

உனக்கு என் ஸலாம். நாம் குரல் பதிந்து அனுப்பிக்கொண்ட கேசட்டில் ஸலாம் சொல்லி வாய் மூடும் முன்னமே, “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்பாயே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலியாண வீட்டு இறைச்சிக் கறிதான் இன்னும் சூடு காட்டிச் சூடு காட்டி ஓடுகிறது. நஸீறாவின் கலியாணம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. உன் உழைப்பில் எழும்பிய வீட்டுக்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். குரவைச் சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டதாம்.

இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்பவளுக்கு ஏன் குரல் இறங்கிப் போகிறது என்று கேட்பாய். உன் மகளிடம், உன் கல்லைப் பற்றி, நான் ஒரு பொய் சொன்னேன் ராத்தா. கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னம் சொன்ன பொய், இன்னும் சூடு ஆறவில்லை. வேறு வாய் வழியாக உன் காதுக்கு வருவதை விட நானே சொல்வது நல்லது. இதை ஊரார் படித்தாலும் படிக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்து எழுதுவதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வயிற்றில் அடுத்தடுத்து வந்தவர்கள் நாம். நான் உனக்கு ஒருநாளும் ‘நீங்க’ போட்டதில்லை, இப்போதும் போடவில்லை.

கடலுக்குப் போன மச்சான் திரும்பி வராமற் போன பிறகு, நஸீறாவுக்கு முன்பல் விழுந்திருந்த நேரம், அவளை என் கையில் தந்துவிட்டு நீ மதீனாவுக்கு வேலைக்குப் போனாய். சாய்ந்தமருதில் வீடில்லாத பெண்ணின் படலையை எந்த மாப்பிள்ளை வீட்டார் தாண்டுவார்கள்? அந்த வீட்டுக்காகத்தான் போனாய். எனக்குப் பிள்ளை இல்லை. ஹாஜறா பெற்றாள், சுலைஹா வளர்த்தாள் என்று ஊர் சொல்லும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நீ பெற்றாய், நீ உழைத்தாய், நான் அனுபவித்தேன். அதுதான் சரி.

கொஞ்ச நாளில் அவள் என்னை ‘உம்மா’ என்று கூப்பிடத் தொடங்கினாள். உன்னை ‘மதீனா உம்மா’ என்றாள். இரண்டு உம்மா இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள். “புள்ள, நான் சாச்சியல்லோ” என்று நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அந்தச் சொல் என் காதுக்குள் எப்படி இனித்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? ஒருநாள் நான் உனக்குக் கேசட் பதிந்துகொண்டிருக்கும்போது, “உம்மா, தண்ணி தாங்க” என்று அவள் கத்தியது அதில் விழுந்துவிட்டது. உன் பதில் கேசட்டில் அந்த இடம் வந்ததும் கொஞ்ச நேரம் உன் பேச்சே இல்லை. விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சிரித்தாய். “நல்லம்டி. ஒரு உம்மா பக்கத்தில இரிக்கத்தானே வேணும்” என்றாய்.

அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன்.

நீ வேலை செய்த வீட்டில் ஹஜ்ஜுக் காலத்தில் ஹாஜிகளுக்கு அறைகள் வாடகைக்குக் கொடுத்தார்கள். நீ கூட்டினாய், சமைத்தாய், சீலை துவைத்தாய். அங்கேதான் அந்த ஆப்கான் பெண் உனக்குச் சிநேகிதி ஆனாள். படக்‌ஷான் மலைப் பக்கத்தவள். வழிச்செலவுக்காகப் பாவாடை மடிப்பில் நீலக்கல் தைத்துக்கொண்டு வருவாள் என்று சொன்னாய். அவளிடம் வாங்கி, இங்கே நான் விற்பதற்காக நம் ஊர் ஹாஜிகளிடம் கொடுத்தனுப்பினாய். அவள் அதை ‘லாஜ்வர்த்’ என்றாளாம். இங்கிலீசில் லாபிஸ் லசூலி என்று பிறகு அறிந்தேன். நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பெயரையும் வைத்துக்கொள்ளவில்லை. மதீனாவிலிருந்து ஹாஜறா அனுப்பினாள், ஆகவே மதீனாக் கல். நானும் ‘மதீனாக் கல்லு சுலைஹா’ ஆனேன்.

முதல் பொட்டலம் வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீலக்கல் என்றால் நமக்கு இரத்தினபுரி நீலம்தானே தெரியும். நான் கல்லைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் போகவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் கல் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு நேரே பிடித்தார்.

“உள்ளுக்கு ஒண்டும் தெரியல்லயே புள்ள. நீலமெண்டா தண்ணி மாதிரித் தெளிவா இரிக்கணும். இது றோட்டுக்குப் போடுற கல்லு.”

அதை அப்படியே கேசட்டில் உனக்குச் சொன்னேன். வந்ததே உன் பதில்!

“அடி மடச்சி! ஆர்டி உனக்கு இதை ஊடுருவிப் பாக்கச் சொன்ன? அது உள்ளால பாக்கிற கல்லு, இது மேலால பாக்கிற கல்லு. வெளிச்சம் போனாத்தான் இது கூடாது. காலையில வாசல் நிழல்ல, வெள்ளைச் சீலைத் துண்டில வச்சிப் பாரு. ரியூப் லைட்டுக்குக் கீழ பாத்து எடுத்தியோ, வந்து கையை முறிப்பன்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு கேசட்டிலும் கறி, நஸீறாவின் படிப்பு, கல். கத்தரிப்பூ நிறம் கொஞ்சம் கலந்த ஆழ்ந்த நீலம் முதல் தரம். வெளிறினது அதற்குக் கீழே. பச்சை அடித்தால் இன்னும் கீழே. வெள்ளை நரம்பு ஓடினால் மாலைக்கு ஆகாது, சின்ன மோதிரத்துக்கு வெட்டி வெள்ளையை ஒதுக்கலாம். நனைத்துப் பார்த்து ஏமாறாதே, ஈரத்தில் எல்லாக் கல்லும் நல்ல கல்தான், காயவிட்டுப் பார். விரல் நுனியால் தடவு, பள்ளம் தட்டினால் அங்கே மெழுகு அடைத்திருப்பார்கள். நீ சொல்லச் சொல்ல, இங்கே அரிசிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்பேன். என் பக்கத்தில் நஸீறாவும் கேட்பாள். அவளுக்கும் எல்லாம் பாடம்.

அந்த மஞ்சள் புள்ளி விசயத்தில்தான் நம் ஊரோடு நான் பட்ட பாடு! கல்லுக்குள் மின்னுகிற புள்ளியைத் தங்கம் என்றே எல்லாரும் நம்பினார்கள். “தங்கம் கூடினதாப் பாத்துத் தாகா” என்று மருதமுனையிலிருந்தெல்லாம் வந்து நிற்பார்கள். நீ தலையிலடித்துக்கொண்டாய். “தங்கமுமில்ல, ஒரு மண்ணுமில்ல. அதொரு இரும்புச் சாதி. புட்டில சீனி தூவின மாதிரி அங்கொண்டு இங்கொண்டா இரிந்தா வடிவு. கூடினா கல்லு மங்கிப் போகும்.” நான் அப்படியே சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். புள்ளி கூடினதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் என்னை ஏமாளி என்று நினைத்துச் சந்தோசமாக வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருத்தி பெருநாளைக்கு முதல் நாள் மினுக்கம் வரட்டுமென்று மாலையைத் தேசிக்காய்ப் புளியில் ஊறப்போட்டுவிட்டு, கல் செத்துப்போனதென்று அழுதுகொண்டு வந்தாள். வெள்ளிக்குச் செய்கிற வைத்தியத்தை இந்தக் கல்லுக்குச் செய்யக்கூடாது என்று அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் சொல்லத் தொடங்கினேன்.

சாயக் கல்லைப் பற்றி நீ சொன்னதுதான் முக்கியம். மலிவான வெள்ளைக் கல்லை நீலச் சாயத்தில் ஊறவைத்து விற்பார்கள் என்றாய். “மணியிட துவாரத்துக்குள்ள பாரு. சாயம் அங்கதான் தேங்கி நிக்கும். கோப்பையிட அடியில மினுக்கமில்லாத வளையம் இரிக்கே, அதில உரசிப் பாரு. நல்ல கல்லு வெளிர் நீலமாக் கோடு போடும், சாயக் கல்லு வெள்ளையாப் போடும்.” கடைசியாக இன்னொன்றும் சொன்னாய். “வெள்ளையும் இல்லாம, ஒரு புள்ளியும் இல்லாம, எல்லா மணியும் ஒரே நீலமா இரிந்தாச் சந்தோசப்படாத. அப்பிடிக் கல்லு இரிக்கி. ஆனா அது ராசாமாருக்கு. நம்மட கைக்கு வந்தாச் சந்தேகப்படு.”

இனிச் சொல்வதுதான் கஷ்டம்.

நீ மௌத்தான செய்தி பள்ளியடிக் கடைத் தொலைபேசிக்கு வந்தது. காலில் புண், சீனி வருத்தம் கூடி ஆஸ்பத்திரி, பிறகு எல்லாம் முடிந்து, நபிகளின் குடும்பத்தார் அடங்கியிருக்கிற ஜன்னத்துல் பகீயில் அடக்கியாயிற்று. அவ்வளவுதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். “கொடுத்து வச்சவகா! பகீயில இடம் கிடைக்க என்ன அமல் செய்தாவோ!” ஓம், கொடுத்து வைத்தவள்தான். ஆனால் ராத்தா, எனக்கு நீ கொடுத்து வைக்காதவளாகத் திண்ணென்று நம் வீட்டுக் குசினியில் உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்தது. அதைச் சொன்னால் குற்றம் என்று வாயை மூடிக்கொண்டேன். உனக்காக வாய்விட்டு அழக்கூட அவர்கள் என்னை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் ஹஜ்ஜுக்குப் போயிருந்த மாளிகைக்காட்டு ஹாஜியாரும் பெண்சாதியும் திரும்பி வந்தார்கள். அவர்கள் மக்காவுக்குப் போக முன்னம், மதீனாவில் உன் கையாலேயே வாங்கிய பொட்டலத்தைத் தந்தார்கள். ஒரு மணிக்கோவையும் ஒரு கேசட்டும். கேசட்டைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. நஸீறாதான் போட்டாள்.

“சுலைஹா, இது விக்கிறதுக்கில்ல. என்ட மகளுட கழுத்துக்கு, கலியாணத்துக்கு. வெள்ளை ஒரு பொட்டும் இல்ல, மஞ்சள் ஒரு புள்ளியும் இல்ல. இத்தினை காலத்தில இப்பிடி ஒரு கல்லு எனக்கு அம்பிடல்ல. நஸீறா, மகள், உம்மா அனுப்பின கல்லைப் போட்டுக்கிட்டுத்தான் நீ பொண்ணா இரிக்கணும்.”

பிள்ளை ரெக்கோடரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையிலிருந்த கோவையைப் பார்த்தேன். எல்லா மணியும் ஒரே நீலம். கோத்திருந்த வெள்ளை நூல் துவாரங்களுக்குப் பக்கத்தில் நீலமாக ஊறியிருந்தது. பிள்ளை நிமிர முன்னம் அதைத் தாளில் சுற்றி மடியில் சொருகினேன். யா அல்லாஹ், இதைச் சந்தேகப்படு என்று சொல்லித் தந்தவளே இதை அனுப்பியிருக்கிறாளே!

அப்போதும் நம்ப மனம் வரவில்லை. ஒரு மணியைக் கழற்றி விரலில் நூலால் கட்டிக்கொண்டு அஸர்த் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளு எடுத்தேன். விரலைத் திருகி நனைத்தபோது நீலம் இறங்கியது. கோப்பையின் அடியில் உரசினேன், வெள்ளைக் கோடு. இன்னும் உறுதி வேண்டுமென்று கடற்கரைக்குப் போனேன். நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் தெரிந்துவிடும், ஆனால் வுளு கூடாதென்று நகப்பூச்சே வைத்திராத வீடுகளில் அதை எங்கே தேட? பைபர் வள்ளம் ஒட்டுகிறவர்கள் தூரிகை கழுவ அசிட்டோன் வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் வாங்கிப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு முழுக்க நீலம், மணி சாம்பல் வெள்ளை. வள்ளம் ஒட்டுகிறவர் எட்டிப் பார்த்து, “என்ன ராத்தா, பெயின்ற் அடிச்ச கல்லா?” என்றார். மணியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. என்னடி இது, கடைசி நேரத்தில் இப்படிக் கவனமில்லாமல் என்று. மாளிகைக்காட்டுக்குப் போய் ஹாஜியார் பெண்சாதியைக் கேட்டேன், இந்தக் கல்லை ராத்தா எப்படி வாங்கினாள் என்று. அந்த மனிசி ஒரு களங்கமும் இல்லாமல் சொன்னா.

“அந்த ஆப்கான் பொம்புள இந்த முறை வரல்லயாம். வேறொருத்தன் படிக்கட்டில வச்சி வித்தான். நான் பக்கத்திலதான் இரிந்தன். உங்கட ராத்தா மணியை எல்லாம் கையால தடவித் தடவிப் பாத்தா. மறுகா என்னைக் கேட்டா, ‘இதில வெள்ளை இரிக்கா, மஞ்சள் புள்ளி இரிக்கா, பாத்துச் சொல்லுங்க’ எண்டு. ஒண்டும் இல்ல, நல்ல வடிவான நீலம் எண்டு சொன்னன். அவ்வளவு சந்தோசப்பட்டா. ஏன்கா, உங்களுக்குத் தெரியாதா? அவக்குக் கண் நல்லா மங்கிப் போயிரிந்ததே. அரிசியும் நான்தானே பொறுக்கிக் குடுத்தன்.”

எங்களுக்குத் தெரியாது ராத்தா. உனக்குக் கண் போனது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து உன் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். “இஞ்ச பல்பு வெளிச்சம் காணாதுடி” என்று ஒன்றில் சொல்கிறாய். “ஊசியில நூல் கோக்க இந்த வீட்டுப் புள்ளயைத்தான் கூப்பிடுறன்” என்று இன்னொன்றில். எல்லாம் என் காதில் விழுந்ததுதான். அதற்கு நான் என்ன பதில் அனுப்பினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? “கஞ்சப் பய வீடு, பெரிய பல்பாப் போடச் சொல்லு. மறுகா, பெருநாள் வருது, கல்லு இன்னும் கொஞ்சம் கூட அனுப்பு.” இப்படிச் சொல்லிவிட்டு நான் சிரிக்கிற சத்தம் உன் காதில் கேட்டிருக்கும்.

நீ ஏன் சொல்லவில்லை? சொன்னால் திரும்பி வா என்போம், வீட்டுக் கூரை அரைவாசியில் நிற்கும் என்றா? இல்லை, இவளிடம் சொல்லி என்ன பயன் என்றா? இரண்டாவதாக இருந்துவிடக்கூடாது என்று துஆக் கேட்கிறேன்.

நீ போய் வருடம் திரும்பியதும் கலியாணம் பேசிமுடிந்தது. “மதீனா உம்மாட மாலையைக் கட்டக் குடுங்க” என்று நஸீறா நச்சரிக்கத் தொடங்கினாள். நான் என்ன செய்வேன்? உன் உம்மா அனுப்பினது சாயக் கல் என்று எந்த வாயால் சொல்வேன்? எனக்கென்று முன்பு ஒரு கோவை அனுப்பினாயே, விற்கக்கூடாது என்று, அந்த ஆப்கான் பெண் உனக்காக ஒதுக்கி வைத்த முதல் தரக் கல், அதை எடுத்தேன். காரைதீவுத் தட்டாரிடம் கொடுத்து வெள்ளிக் கொக்கியும் பதக்கமும் வைத்துக் கட்டுவித்தேன். உன் கடைசிக் கோவையை ஒரு டின்னில் போட்டு அலுமாரிக்குள் சீலைகளுக்குக் கீழே தள்ளினேன். “ரெண்டும் ஹாஜறா தந்ததுதானே, இதில என்ன பொய்?” என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. என் மாலையைக் கொடுக்கிறேன் என்ற பெருமையும் உள்ளுக்குள் கொஞ்சம் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் பயமும் இருந்தது. கண் தெரியாமல் நீ நமக்காக மாடாய் உழைத்தாய் என்று தெரிந்தால், நீ இருக்கும்போது என்னை உம்மா என்றதற்காகப் பிள்ளை வருந்துவாள். பிறகு என்னை அப்படிக் கூப்பிடுவாளா? நான் மறைத்தது கல்லுக்காக மட்டுமல்ல ராத்தா. அந்தச் சொல் கையை விட்டுப் போய்விடும் என்றுதான்.

கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆண்கள் சாப்பிட்டுப் போன பிறகு, மாலையைக் கொண்டுபோய் நஸீறாவின் கையில் கொடுத்தேன். “இந்தா, மதீனா உம்மாட கல்லு” என்றேன். முத்தமிட்டாள். பிறகு யன்னல் பக்கம் போனாள். வெள்ளைச் சீலைத் துண்டை விரித்து அதில் வைத்தாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“உம்மா, இதில புள்ளி இரிக்கி.”

“என்ன புள்ளி?”

“மஞ்சள் புள்ளி. ஒரு புள்ளியும் இல்ல எண்டுதானே மதீனா உம்மா சொன்னா?”

வியாபாரக்காரி வாய் சும்மா இருக்குமா? “தட்டார் மினுக்கினவர்தானே மகள், மேல்பக்கம் தேய, உள்ளுக்குக் கிடந்த புள்ளி வெளிய வரும்” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குசினிக்குப் போய் ஒரு கோப்பையை எடுத்துக் கவிழ்த்து, அடி வளையத்தில் ஒரு மணியின் ஓரத்தை உரசினாள். வெளிர் நீலக் கோடு விழுந்தது. கோப்பையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“இது நல்ல கல்லு. இது உங்கட மாலை. அப்ப என்ட கல்லு எங்க?”

நான் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தேன். வேறென்ன செய்ய? நீல நூலைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “உம்மாவை ஏமாத்திட்டானா?” என்று கேட்டாள். ஏமாற்றினதுதான் மகள், ஆனால் அவவுக்குக் கண் தெரியவில்லை என்று, ஹாஜியார் பெண்சாதி சொன்னதை அப்படியே சொன்னேன். தடவிப் பார்த்ததை, பக்கத்து மனிசியைக் கேட்டுக் கேட்டு வாங்கியதை, எல்லாவற்றையும்.

“எப்ப தொடக்கம்?”

“தெரியாது மகள்.”

“நீங்க கேக்கல்லயா?”

“இல்ல.”

“நானும் கேக்கல்லயே” என்றாள். அழவில்லை. மணிகளை உள்ளங்கையில் வைத்து உன்னைப்போலவே பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “கல்லு கூடாதெண்டதை மறைச்சா மறைச்சிட்டுப் போங்க. என்ட உம்மாக்குக் கண் தெரியல்ல எண்டதை ஏன் மறைச்சீங்க, சாச்சி?”

சாச்சி என்றாள் ராத்தா. பல் முளைத்த பிறகு முதல் தடவை. நான் யார் வீட்டில் நிற்கிறேன் என்றே ஒரு நிமிசம் தெரியவில்லை.

அவள் சாயக் கல்லைத்தான் போடுவேன் என்று நின்றாள். வேர்வை பட்டால் சாயம் இறங்கும், கூறைச் சேலை வெளிர் நிறம், சபையில் மானம் போகும் என்றேன். “போகட்டும். உம்மா போடச் சொன்னது இதைத்தான்” என்றாள். அந்தப் பிடிவாதம் ஆருடையது என்று நான் சொல்லவா வேண்டும்? இரண்டு நாளும் கலியாண வேலையைத் தவிர என்னோடு ஒரு கதையும் இல்லை. புது நூலில் அந்த மணிகளை நானே கோத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெக்கை உனக்குத் தெரியும். பெண்கள் நிறைந்த அறையில் விசிறி ஒரு மூலையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கலியாணப் பதிவான காவின் எழுதி முடிந்து, குரவை ஓய்ந்து, மாப்பிள்ளையின் உம்மா பொண்ணுக்கு இனிப்பு ஊட்டக் குனிந்தா. அப்படியே நின்றுவிட்டா.

“இதென்ன புள்ள, கழுத்தெல்லாம் நீலம்?”

எல்லாக் கண்ணும் அங்கே திரும்பியது. கழுத்தைச் சுற்றி நீலம் ஊறி, ரவிக்கை விளிம்பிலும் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டு மனிசி ஒருத்தி என் பக்கம் கிறுகினாள். “என்ன மதீனாக் கல்லு சுலைஹா, ஊருக்கெல்லாம் நல்ல கல்லு, வீட்டுப் பொண்ணுக்குச் சாயக் கல்லா?” யாரோ சிரித்தார்கள்.

ஒரு சமாளிப்பு என் நாக்கு நுனிவரை வந்தது ராத்தா, பொய் சொல்லமாட்டேன். தட்டார் மாற்றிவிட்டார் என்று சொல்லலாம், பாவம் அந்த மனிசன்மேல் போடலாம். நஸீறா தலை குனிந்தபடி இருந்தாள். என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“ஓம், சாயக் கல்லுத்தான்” என்றேன். “என்ட ராத்தா அனுப்பினது. அவக்குக் கண் தெரியாமப் போயிட்டு. கையால தடவித்தான் வாங்கியிரிக்கா. கண் தெரியாமத்தான் எங்களுக்கு உழைச்சிரிக்கா. வெளிச்சம் காணாது, வெளிச்சம் காணாது எண்டு எத்தினை தரம் சொன்னா. நான் கேக்கல்ல. கல்லு அனுப்பு எண்டுதான் கேட்டன்.”

சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. உனக்காக அழ விடாத அதே பெண்களுக்கு நடுவில் நின்று, கலியாண வீடென்றும் பாராமல் அழுதேன். ஒருவரும் கொடுத்து வைத்தவள் என்று சொல்லவில்லை. அந்த அறையில் குவைத்தில் தங்கச்சி உள்ளவள் இருந்தாள், றியாதில் மகள் உள்ளவள் இருந்தாள். சிரித்தவளின் சிரிப்பும் நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் உம்மா தன் முக்காட்டு நுனியால் பிள்ளையின் கழுத்தைத் துடைக்கப் போனா. நஸீறா அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

“துடைக்காதீங்க மாமி. இது என்ட உம்மாட கல்லு. உம்மா பகீயில இரிக்கா.” பிறகு மற்றக் கையை என் பக்கம் நீட்டினாள். “இவ என்ட சாச்சி. என்னை வளர்த்தவ. இஞ்ச வாங்க சாச்சி, பக்கத்தில இரிங்க.”

அந்தச் சொல் இந்த முறை அடிக்கவில்லை ராத்தா. போய்ப் பக்கத்தில் இருந்தேன். உன் இடத்துக்கும் என் இடத்துக்கும் நடுவில் நான் இவ்வளவு காலம் கோணலாக உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழும்பி எனக்குரிய இடத்தில் இருந்தபோது கொஞ்சம் வலித்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

மறுநாள் விடியச் சுபஹுத் தொழுகைக்கு வுளு எடுக்க வந்தவள் கிணற்றடியில் என்னிடம் கழுத்தைக் காட்டினாள். எவ்வளவு கழுவியும் நீலம் மங்கலாகக் கிடந்தது. “மருதோண்டி மாதிரித்தானே சாச்சி? நிறம் மட்டும்தானே, தொழுகை கூடுமா?” என்று கேட்டாள். கூடும் மகள் என்றேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொழுது உனக்காகக் கையேந்தினோம். என்னை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்கும்படி அவளிடம் சொன்னேன். நீங்களே கேளுங்கள் என்றுவிட்டாள். அதுதான் இப்போது கேட்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். அல்லாஹ் நாடி நஸீறாவுக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அது பேசத் தொடங்கும்போது முதலில் உன் பெயரைச் சொல்லிக் கொடுப்பேன். கண் தெரியாமல் நீ எப்படிக் கல் பார்த்தாய் என்றும் சொல்லுவேன். ‘உம்மம்மா’ என்று அது என்னைப் பார்த்துக் கை நீட்டினால், உன் உம்மம்மா மதீனாவில் இருக்கிறா என்று சொல்லுவேன். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி,
நஸீறாவின் சாச்சி,
சுலைஹா
சாய்ந்தமருது